எந்த மதர்போர்டை நம்பி வாங்கலாம்? ஏசஸ், கிகாபைட், எம்.எஸ்.ஐ., அஸ்ராக்: ஓர் ஒப்பீடு

கணினி புதிதாக அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் பிராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் பெரும்பாலும் முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். மதர்போர்டு என்று வரும்போதுதான் "எந்தக் கம்பெனி போர்டு நின்று உழைக்கும்?" என்ற கேள்வி எழுகிறது. கடைக்காரர் ஒரு பெயரைச் சொல்வார், நண்பர் வேறொரு பெயரைச் சொல்வார். இருவருமே தங்கள் கண்முன் கெட்டுப்போன ஏதோ ஒரு போர்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். சென்னை ரிச்சி தெருவில் இன்று விற்கும் போர்டுகளில் மிகப் பெரும்பாலானவை ஏசஸ், கிகாபைட், எம்.எஸ்.ஐ., அஸ்ராக் என்ற நான்கு தைவான் நிறுவனங்களுடையவை. அந்த நான்கையும் நம்பகத்தன்மை என்ற ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை. வேகம், வண்ண விளக்கு, பெட்டியின் அழகு ஆகியவற்றைப் பற்றி எதுவும் பேசப் போவதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதிரிப் பாகம் மட்டமாக இருந்ததால் போர்டு சாகும் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. கடந்த சில ஆண்டுகளில் நடந்த பெரிய கோளாறுகளில் பெரும்பாலானவை, போர்டு தன் இயல்பு அமைப்பிலேயே பிராசசருக்குத் தேவைக்கு மேல் மின்னழுத்தமோ மின்னோட்டமோ கொடுத்ததால் வந்தவை. எனவே இன்றைக்கு நம்பகமான போர்டு என்பது, கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டு அடங்கியிருக்கும் போர்டு. நிறுவனங்களை நான் அளப்பது இந்த அடக்கத்தையும், தவறு நேர்ந்தபோது அவை நடந்துகொண்ட விதத்தையும் வைத்துத்தான்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நிலைமை வேறாக இருந்தது. 1999 வாக்கில் தொடங்கி 2007 வரை உலகெங்கும் மதர்போர்டுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. மின்சாரத்தைச் சேமித்துச் சீராகத் தரும் சிறு உருளையான எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருந்த நீர் கலந்த திரவத்தில், அலுமினியம் அரிக்கப்படாமல் தடுக்கும் சேர்மானம் சரியாக இல்லாததால், உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து உருளையின் தலை உப்பி, இறுதியில் பிளந்து கசிந்தது. அக்காலத்துப் போர்டு ஒன்றை இன்றும் பழைய சாமான் கடையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். பிராசசர் பொருந்தும் சாக்கெட்டைச் சுற்றி நிற்கும் உருளைகளின் தலையில், அழுத்தம் கூடினால் பிளந்துகொள்வதற்கென்றே கூட்டல் குறி போன்ற கீறல் போட்டிருப்பார்கள். நல்ல உருளையில் தலை தட்டையாக இருக்கும். கெட்ட உருளையில் அது குவிந்து, கீறலின் ஓரத்தில் துருநிறப் பொருக்கு உலர்ந்து ஒட்டியிருக்கும். டெல் நிறுவனத்தின் ஆப்டிப்ளெக்ஸ் ஜி.எக்ஸ்.270, ஜி.எக்ஸ்.280 கணினிகள் இதற்குப் பெயர்போனவை. பிராசசரை அறிவித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங் ஆர்வலர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஏபிட் நிறுவனமும் இதில் அடிபட்டது. பின்னர் 2008 இறுதியில் அது மதர்போர்டுத் தொழிலையே விட்டுவிட்டது.

அதன்பின் திட பாலிமர் கெப்பாசிட்டர்கள் வந்தன. இன்று நடுத்தர விலைப் போர்டுகளில் பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதி முழுவதும் அவைதான். பழைய திரவக் கெப்பாசிட்டர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் உழைக்கும் என்று குறிப்பிடப்பட்ட உருளை, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் பத்தாண்டைத் தாண்டும். அதே உருளை 85 டிகிரியில் ஓடினால் 8000 மணி நேரத்தோடு, அதாவது மூன்றாண்டுக்குள், தளர்ந்துவிடும். பாலிமர் வகைகளில் வெப்பம் குறைவதால் கிடைக்கும் ஆதாயம் இதைவிடவும் அதிகம். கோடையில் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி இருக்கும் நம் ஊர்களில், காற்றோட்டமில்லாத மலிவு கேபினெட் எந்த நிறுவனத்தின் பெயரையும் தோற்கடித்துவிடும் என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

இன்னொரு உண்மையையும் மனத்தில் கொள்ள வேண்டும். நான்கு நிறுவனங்களின் போர்டுகளிலும் உள்ள பாகங்கள் பெரும்பாலும் ஒரே இடங்களிலிருந்து வருபவை. சாக்கெட் லோட்டஸ் அல்லது ஃபாக்ஸ்கான் தயாரிப்பாக இருக்கும். ஆடியோ சிப் ரியல்டெக். மின்கட்டுப்பாட்டு சிப்கள் இன்ஃபினியன், ரெனசாஸ், மோனோலித்திக் பவர், ரிச்டெக் என்று ஒரு சில பெயர்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே பொதுப் பாகத்தில் குறை வந்தால் நால்வரும் சேர்ந்தே மாட்டுவார்கள். 2011 ஜனவரி 31 அன்று இன்டெல், தன் ஆறாம் வரிசை சிப்செட்டில் உள்ள, டிஸ்க்குகளை இணைக்கும் 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்டுகள் காலப்போக்கில் பழுதடையக்கூடும் என்று அறிவித்தது. பழுதுபார்ப்புக்கும் மாற்றித் தருவதற்கும் 700 மில்லியன் டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. அப்போது எல்லா நிறுவனங்களின் போர்டுகளும் கடைகளிலிருந்து திரும்பின. 2020 வாக்கில் இன்டெல் ஐ225-வி நெட்வொர்க் சிப்பில் வந்த இணைப்புக் கோளாறும் அப்படித்தான். இவற்றுக்கு ஏசஸையோ எம்.எஸ்.ஐ.யையோ குறை சொல்வதில் பொருளில்லை.

திரும்பி வரும் சரக்கின் விகிதத்தை வைத்து ஒப்பிடலாமே என்று கேட்கலாம். பிரான்சின் ஹார்ட்வேர்.எஃப்.ஆர். தளம் பல ஆண்டுகள் ஒரு பெரிய விற்பனையகத்தின் கணக்கை நிறுவனவாரியாக வெளியிட்டு வந்தது. மதர்போர்டுகளில் முன்னணி நிறுவனங்களுக்கிடையே வித்தியாசம் மிகக் குறுகலாகவே இருந்ததும், முதலிடம் ஒரு வெளியீட்டுக்கும் அடுத்ததற்கும் மாறிக்கொண்டிருந்ததும் அதில் கண்கூடு. மேலும், திரும்பி வரும் போர்டுகள் எல்லாம் கெட்ட போர்டுகள் அல்ல. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டும் டி.டி.ஆர்.5 ராமும் உள்ள கணினியை முதன்முறை ஆன் செய்யும்போது, போர்டு ராமின் இயல்பைச் சோதித்து அமைத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அதுவரை திரை கருப்பாகவே இருக்கும். போர்டின் ஓரத்தில் டிராம் என்று எழுதிய சிறு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். பொறுமையிழந்து மின்சாரத்தை நிறுத்துகிறவர், மறுபடி போடும்போது அதே சோதனை முதலிலிருந்து தொடங்க, போர்டு செத்துவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போய்விடுகிறார். இப்படித் திரும்புவதும் அந்த விகிதத்தில் சேர்ந்துவிடுகிறது.

ஆகவே விகிதத்தை விட்டுவிட்டு, தெரிந்த பெரிய நிகழ்வுகளில் யார் எப்படி நடந்தார்கள் என்று பார்ப்பதே பயனுள்ளது.

ஏசஸிலிருந்து தொடங்குகிறேன். 1989இல் தொடங்கிய இந்நிறுவனத்துக்கு நம் சந்தையில் இன்றும் மதிப்பு அதிகம், விலையும் அதிகம். ஆனால் 2021 இறுதியில் அதன் உயர்விலைப் போர்டான ஆர்.ஓ.ஜி. மேக்சிமஸ் இசட்690 ஹீரோவில், ராம் சாக்கெட் அருகே ஒரு கெப்பாசிட்டர் தலைகீழாகப் பொருத்தப்பட்டு, பக்கத்திலிருந்த மாஸ்ஃபெட்டுகள் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பாகங்கள்) கருகின. பயனர்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, கெப்பாசிட்டரின் மேலிருந்த எழுத்துகள் தலைகீழாக இருப்பதைக் காட்டினார்கள். ஏசஸ் டிசம்பர் மாதமே ஒப்புக்கொண்டு, மாற்றித் தருவதாக அறிவித்தது. 2022இல் அமெரிக்காவில் சுமார் 10,000 போர்டுகள் முறையாகத் திரும்பப் பெறப்பட்டன. தவறு பெரிது, ஒப்புக்கொண்ட வேகம் பாராட்டத்தக்கது.

2023இல் நடந்தது அப்படியல்ல. அந்த ஏப்ரலில் ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற பிராசசர்கள் சாக்கெட்டிலேயே கருகி, அடிப்பகுதி உப்பிய படங்கள் வெளிவந்தன. ராமை அதன் அறிவிக்கப்பட்ட வேகத்தில் ஓட்டுவதற்கான எக்ஸ்போ அமைப்பை இயக்கியதும், போர்டுகள் பிராசசருக்குள் ராமைக் கையாளும் பகுதிக்குரிய எஸ்.ஓ.சி. மின்னழுத்தத்தையும் கூடவே உயர்த்தின. ஏ.எம்.டி. உடனே அந்த அழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு விதித்து, எல்லா நிறுவனங்களுக்கும் புதிய மென்பொருளை அனுப்பியது. அதிகம் பேசப்பட்டவை ஏசஸ் போர்டுகள். அதைவிட வருத்தம் தந்தது, சிக்கலைச் சரிசெய்ய வெளியிட்ட பீட்டா பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருளின் சோதனைப் பதிப்பு) பக்கத்திலேயே, அதைப் பயன்படுத்தினால் வாரண்டிக்குப் பொறுப்பில்லை என்ற பொருளில் ஏசஸ் குறிப்பு வைத்திருந்ததுதான். கடும் எதிர்ப்பு எழுந்த பிறகே, பீட்டா பயாஸுக்கும் எக்ஸ்போ அமைப்புக்கும் வாரண்டி உண்டு என்று அறிவித்தார்கள். உயிரைக் காப்பாற்ற நான் தரும் மருந்தை உட்கொண்டால் பொறுப்பு என்னுடையதல்ல என்று ஒரு மருத்துவர் சொன்னால் எப்படி இருக்கும்? வாடிக்கையாளருக்கு அன்றைக்கு வந்த நிலை அதுதான்.

இன்டெல் பக்கம் இதே கதை இன்னும் பெரிதாக விரிந்தது. 14900கே பிராசசருக்கு இன்டெல் குறித்த உச்ச மின்வரம்பு 253 வாட். ஆனால் பல நிறுவனங்களின் உயர்விலைப் போர்டுகள், எந்த மாற்றமும் செய்யாத இயல்பு நிலையிலேயே, அந்த வரம்பை 4096 வாட் என்று வைத்து அனுப்பின. வரம்பே இல்லை என்பதுதான் அதன் பொருள். ஒப்பீட்டு அட்டவணையில் பக்கத்து நிறுவனத்தைவிட இரண்டு சதவீதம் முன்னே தெரிய வேண்டும் என்ற போட்டிதான் இதற்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து. 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்கள் நிலைகுலைந்ததற்கு இன்டெலின் சொந்த மைக்ரோகோடு (பிராசசருக்குள்ளேயே இயங்கும் மென்பொருள்) முதன்மைக் காரணம். ஆகஸ்ட் 2024இல் வந்த 0எக்ஸ்129 திருத்தமும், கூடுதலாக அளித்த இரண்டாண்டு வாரண்டியும் அதை ஒப்புக்கொண்டதன் விளைவுகளே. எனினும் போர்டுகளின் மின் அமைப்பு தன் பரிந்துரையைத் தாண்டியிருந்ததையும் இன்டெல் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. இதில் நான்கு நிறுவனங்களில் ஒன்றைக்கூட முழுவதும் குற்றமற்றதாக என்னால் சொல்ல முடியாது.

அஸ்ராக் 2002இல் ஏசஸின் மலிவுவிலைப் பிரிவாகப் பிறந்து, பின்னர் தனித்து வளர்ந்த நிறுவனம். பணத்துக்கேற்ற பாகங்களைத் தருவதில் அதை மிஞ்ச ஆளில்லை என்று நீண்ட நாள் சொல்லி வந்தவன் நான். இன்றும் அதன் நடுத்தரப் போர்டுகளின் மின்பகுதி அந்த விலைக்கு வலுவானது. ஆனால் 2025இல் ரைசன் 7 9800எக்ஸ்3டி பிராசசர்கள் செத்துப்போனதாக வந்த புகார்களில் பெரும்பகுதி அஸ்ராக் போர்டுகளிலிருந்து வந்தது. பி.பி.ஓ. எனப்படும் தானியங்கி வேகமூட்டலுக்கான மின்னோட்ட வரம்புகள் அதிகமாக வைக்கப்பட்டிருந்ததாக நிறுவனமே விளக்கி, அவற்றைக் குறைத்துப் புதிய பயாஸ் வெளியிட்டது. மீண்டும் அதே நோய்: கேட்காமலே அள்ளிக் கொடுப்பது. பெயர் எக்ஸ்3டி என்று முடியும் ரைசன் பிராசசர் வாங்குகிறவர்களுக்கு இப்போதைக்கு அஸ்ராக்கை நான் முதலில் சொல்ல மாட்டேன். மற்றப் பிராசசர்களுக்கு அந்தத் தயக்கம் எனக்கு இல்லை.

எம்.எஸ்.ஐ.யின் வரலாறு, நிறுவனப் பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு நல்ல பாடம். 2018இல் வந்த பி450 டோமஹாக், எட்டு கோர் பிராசசரைக்கூடச் சளைக்காமல் தாங்கிய மலிவுப் போர்டு. அடுத்த ஆண்டே, அதைவிடக் கணிசமாக விலை கூடிய எக்ஸ்570 கேமிங் எட்ஜ் போர்டில் பலவீனமான வி.ஆர்.எம். (பிராசசருக்கு மின்சாரம் தரும் பகுதி) வைத்து, வெப்பச் சோதனைகளில் தன் வகுப்பிலேயே கடைசி வரிசைக்குப் போனது. அதன்பின் 2020இல் எக்ஸ்570 டோமஹாக்கைக் கொண்டுவந்து அந்தத் தவறைத் திருத்திக்கொண்டார்கள். பி450 வரிசையிலும் ஒரு சிக்கனம் பின்னால் கடித்தது. பயாஸ் சேமிக்கும் சிப் 16 எம்.பி. அளவிலேயே இருந்ததால், ரைசன் 3000 வரிசைக்கு ஆதரவு சேர்க்க இடமில்லாமல், பயாஸின் படங்கள் நிறைந்த திரையை எடுத்துவிட்டு எளிய திரையை வைத்தார்கள். பின்னர் 32 எம்.பி. சிப்புடன் மேக்ஸ் என்ற பெயரில் அதே போர்டுகளை மறுபடி வெளியிட்டார்கள். தயாரிப்பாளர் மிச்சப்படுத்திய சில ரூபாய் வாடிக்கையாளரின் பயன்பாட்டில் எப்படி வந்து நிற்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறில்லை. அதன்பின் வந்த டோமஹாக், புரோ வரிசைகளில் இத்தகைய பெரிய சறுக்கலை நான் பார்க்கவில்லை. பயாஸ் திருத்தங்களும் பழைய போர்டுகளுக்குத் தவறாமல் வருகின்றன. பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் மதிப்பெண் குறைகிறது: 2023இல் அந்நிறுவனத்தின் கணினிகளில் ஊடுருவியவர்கள், பயாஸ் மென்பொருளுக்குக் கையொப்பமிடும் ரகசியச் சாவிகளையே வெளியிட்டுவிட்டார்கள்.

கிகாபைட்டும் அந்தக் கணக்கில் தப்பவில்லை. 2023 மே மாத இறுதியில் எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம், 271 கிகாபைட் மாடல்களின் பயாஸ், விண்டோஸ் தொடங்கும்போது பயனருக்குத் தெரியாமல் இணையத்திலிருந்து மென்பொருளைப் பாதுகாப்பற்ற முறையில் இறக்குவதைக் கண்டுபிடித்தது. கிகாபைட் விரைவில் திருத்தம் வெளியிட்டது. அன்றாடப் பயன்பாட்டில் கிகாபைட்டைப் பற்றி நான் சொல்லும் எச்சரிக்கை வேறு. ஒரே மாடல் பெயரில் அந்நிறுவனம் பல பதிப்புகளை வெளியிடும். போர்டின் மூலையில் ரெவ் 1.0, ரெவ் 1.2 என்று சிறிய வெள்ளை எழுத்தில் அச்சிட்டிருக்கும். பதிப்புக்குப் பதிப்பு மின்பகுதியின் பாகங்கள் மாறக்கூடும், பயாஸ் கோப்பும் மாறும். விமர்சனத்தில் படித்த போர்டும் கடையில் கையில் கிடைக்கும் போர்டும் ஒன்றாக இல்லாமல் போகலாம் என்பதால், பணம் கொடுக்கும் முன் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பதிப்பெண்ணைப் பார்த்துவிடுவது நல்லது. இதைத் தவிர்த்துப் பார்த்தால், ஏரஸ் எலீட் வரிசைப் போர்டுகளின் ஹீட் சிங்க் பெரியது, மின்பகுதி தாராளமானது, நம் வெயிலுக்கு ஏற்றது.

நான்கு நிறுவனங்களிலும் உள்ள அடிமட்ட மாடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. எச்610, ஏ520 போன்ற சிப்செட்டில், வி.ஆர்.எம். மேல் ஹீட் சிங்க்கே இல்லாமல் வரும் போர்டுகள் நான்கு கோர், ஆறு கோர் பிராசசர்களுக்கு மட்டுமே உரியவை. அவற்றில் அதிகக் கோர்கள் கொண்ட பிராசசரைப் போட்டால், மாஸ்ஃபெட் சூடேறி பிராசசரின் வேகம் தானாகக் குறையும். நாள் முழுவதும் வீடியோ ரெண்டர் செய்கிறவர் அந்தச் சூட்டிலேயே போர்டை வதைத்துக்கொண்டிருப்பார். ஒரு நிறுவனத்தின் மலிவுப் போர்டுக்கும் அதே நிறுவனத்தின் நடுத்தரப் போர்டுக்கும் உள்ள தூரம், இரண்டு நிறுவனங்களின் நடுத்தரப் போர்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட மிக அதிகம்.

வாரண்டி விஷயத்தில் இந்தியாவில் பெரும்பாலான போர்டுகளுக்கு மூன்றாண்டு கிடைக்கிறது. ஆனால் சர்வீஸ் சென்டரில் கேள்வியே கேட்காமல் மாற்றித் தருவார்கள் என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது. இன்டெலின் எல்.ஜி.ஏ. சாக்கெட்டிலும் ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டிலும் நுண்ணிய பின்கள் போர்டின் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு பின் வளைந்திருந்தாலும் பிசிக்கல் டேமேஜ் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கே ஒரு முறை, கொடுத்தபோது நேராக இருந்த பின் அங்கிருந்து திரும்பி வரும்போது வளைந்திருந்தது. ஒப்படைக்கும் முன் சாக்கெட்டைப் படம் பிடித்து வைத்திருந்ததால்தான் வாதாட முடிந்தது. எந்த நிறுவனத்தின் போர்டாக இருந்தாலும், கவுண்டரில் உள்ளவர் முன்னிலையிலேயே சீரியல் எண்ணும் சாக்கெட்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றாகக் கிடைப்பது பெரும்பாலும் பழுதுபார்த்த வேறொரு போர்டாக இருக்கும் என்பதையும் எதிர்பார்த்தே செல்ல வேண்டும். கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றால் வரும் பச்சைத் துரு இன்னொரு சிக்கல். அதை எந்த நிறுவனமும் வாரண்டியில் ஏற்பதில்லை.

இன்று என்னிடம் ஒருவர் கேட்டால், பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய்க்குள் எம்.எஸ்.ஐ.யின் டோமஹாக் அல்லது புரோ வரிசையை முதலிலும், கிகாபைட் ஏரஸ் எலீட்டை அதற்கு மிக நெருங்கிய இரண்டாம் இடத்திலும் வைப்பேன். ஏசஸ் டஃப் வரிசை தரத்தில் இவற்றுக்குக் குறைந்ததல்ல. ஆனால் பெயருக்காகக் கேட்கும் கூடுதல் பணத்தை, அதே தொகைக்கு நல்ல எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்றில் போட்டால் கணினியின் ஆயுளுக்கு அதிகப் பயன் உண்டு. பட்ஜெட் இறுக்கமாக உள்ளவர், எக்ஸ்3டி அல்லாத ரைசன் பிராசசருடன் அஸ்ராக்கை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் எர்த்திங் சரியாக இல்லையென்றால், இந்தப் பட்டியலில் எதை வாங்குவதற்கு முன்பும் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

எதை வாங்கினாலும், விண்டோஸ் ஏற்றும் முன் பயாஸை நிறுவனத் தளத்திலுள்ள அண்மைப் பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். பீட்டா என்று குறித்ததைத் தவிர்த்து, அதற்கு முந்திய நிலையான பதிப்பை எடுங்கள். இன்டெல் போர்டானால் மின்வரம்பு இன்டெலின் இயல்பு அமைப்பில் இருக்கிறதா என்று பயாஸிலேயே பாருங்கள். ஏ.எம்.டி. போர்டானால் எக்ஸ்போவை இயக்கிய பிறகு எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து, எஸ்.ஓ.சி. மின்னழுத்தம் 1.3 வோல்ட்டுக்குள் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிராசசரைப் பொருத்தும்போது சாக்கெட்டிலிருந்து கழன்று வரும் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாமல் போர்டின் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். அந்த மூடி இல்லாமல் வரும் போர்டை வாரண்டிக்கு ஏற்க மாட்டோம் என்று பல நிறுவனங்கள் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கின்றன.